எழுதிவிடு, ஆனால் நம்பாதே!

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அறிவியல் புத்தகத்தை அணைத்துக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்தாள். புத்தகத்தின் பக்கமெல்லாம் மஞ்சள் மார்க்கர் கோடு. 19-வது அலகில் மட்டும் ஒரு கோடுகூட இல்லை. ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்ற தலைப்பின்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்:

“மாமா, இதுல ஏழு மார்க் வரலாம்னு மிஸ் சொன்னாங்க. நம்பணும்னு அவசியமில்ல, எழுதி மார்க் வாங்கிருங்கன்னும் சொன்னாங்க. சபையில பாஸ்டர், கடவுள் ஆறு நாள்ல எல்லாத்தையும் படைச்சாருன்னு சொல்றார். நம்பாததைப் பரீட்சையில எழுதுனா, அது பொய் சொல்ற மாதிரி ஆகாதா மாமா?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. கேள்வியில் குறும்பு இல்லை. பொய் சொல்லக் கூடாது என்று வீட்டிலும் சபையிலும் பள்ளியிலும் கற்ற பிள்ளை, அந்தப் பாடத்தை அப்படியே நம்பிக் கேட்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். ஆசிரியர் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டார். போதகர் மறுபக்கம் முடித்துவிட்டார். பெற்றோர் ‘மார்க் வந்தால் போதும்’ என்று இருந்துவிட்டார்கள். நடுவில் பதினைந்து வயதுப் பிள்ளை தனியாக நிற்கிறது.

இது ஒரு சபைக்கு மட்டும் உரிய சிக்கல் என்று யாரும் நினைக்க வேண்டாம். ‘ஆதம் நபியை அல்லாஹ் மண்ணிலிருந்து படைத்தான், இந்தப் பாடத்தைப் பரீட்சையோடு விட்டுவிடு’ என்று சொல்லும் வீடுகள் திண்டுக்கல் பேகம்பூரிலும் உண்டு. எங்கள் வீட்டு விசேஷங்களில், ‘டார்வின் என்ன புதுசா சொல்லிட்டான், நம்ம தசாவதாரத்துலயே எல்லாம் இருக்கு’ என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. வார்த்தைதான் வேறு. மூன்று வீட்டுப் பிள்ளைக்கும் போய்ச் சேரும் செய்தி ஒன்றுதான்: எழுதிவிடு, ஆனால் நம்பாதே.

இந்த ஒரு வாக்கியம் செய்யும் கெடுதல் சாதாரணமானதல்ல. விடைத்தாளில் எழுதுவது வேறு, உள்ளே வைத்துக்கொள்வது வேறு என்று பிள்ளை பழகிவிடுகிறது. அந்தப் பழக்கம் அறிவியலோடு நிற்காது. அரசியல் சாசனப் பாடத்தில் சமத்துவத்தைப் பற்றி எழுதி முழு மார்க் வாங்கிவிட்டு, ஊருக்குள் வேறு மாதிரி நடந்துகொள்ளும் மனதும் இதே பயிற்சியில்தான் வளர்கிறது. பக்திக்கும் இது நல்லதல்ல. கேள்வி கேட்டால் உடைந்துவிடும் என்று பயந்து மூடி வைக்கப்பட்ட நம்பிக்கையைப் பிள்ளை என்ன மதிக்கும்? கல்லூரிக்குப் போன முதல் ஆண்டே அதைக் கழற்றி வைத்துவிடும்.

நாட்டில் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். 2018 ஜனவரியில், மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை அறிவியல்படி தவறு, குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்று பேசினார். இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. அவருடைய மூத்த அமைச்சர் பிரகாஷ் ஜவடேகரே இப்படிப் பேச வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதோடு முடிந்தது என்றுதான் பலரும் எண்ணினார்கள். ஆனால் கொரோனா காலத்துப் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்ற பெயரில், என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘மரபும் பரிணாமமும்’ என்ற பாடம் வெறும் ‘மரபு’ ஆனது. பள்ளிகள் வழக்கம்போல் திறந்த பிறகும் பரிணாமம் திரும்பி வரவில்லை. 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறதே என்பது பதிலாக வந்தது. பத்தாம் வகுப்போடு உயிரியலுக்கு விடைகொடுத்துவிட்டு வணிகவியலுக்கும் கணினிக்கும் போகும் பிள்ளைகளை அந்தப் பதில் கணக்கில் எடுக்கவே இல்லை. திண்டுக்கல்லிலும் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பெருகிவிட்ட காலம் இது. அந்தப் பிள்ளைகளில் உயிரியல் எடுக்காதவர்கள் இந்தப் பாடத்தை ஒழுங்காக ஒரு முறைகூடக் கேட்காமலே ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிடுவார்கள்.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் இந்த அலகு இருக்கிறது. அது நம் மாநிலம் பெருமைப்பட வேண்டிய விஷயம். சிங்காரவேலர் போன்றவர்கள் சுயமரியாதை இயக்க ஏடுகளில் அறிவியலை எளிய தமிழில் எழுதிப் பழக்கிய மண்ணில் அது இல்லாமல் போனால்தான் ஆச்சரியம். ஆனால் புத்தகத்தில் இருப்பதும் வகுப்பில் நடப்பதும் ஒன்றல்ல. மஞ்சள் கோடு படாத அந்தப் பக்கங்களை நான் கண்ணால் பார்த்தேன்.

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் பள்ளியில், தன்னம்பிக்கைப் பேச்சாளர் என்று அழைக்கப்பட்ட ஒருவர் மாணவியரிடம் முற்பிறவிப் பாவ புண்ணியம் பற்றிப் பேசியதும், பார்வை மாற்றுத்திறனாளி ஆசிரியர் ஒருவர் எழுந்து நின்று எதிர்த்ததும் நமக்கு நினைவிருக்கும். மாநிலமே பேசியது. அரசு கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. மேடையில் ஒலிபெருக்கியோடு நடந்ததால் அது தெரியவந்தது. வகுப்பறையில் மெல்லிய குரலில் சொல்லப்படும் ‘நம்ப வேண்டாம்’ யார் கண்ணுக்கும் படுவதில்லை.

இந்தச் சிக்கலை நூறாண்டு காலமாகச் சுமந்து, ஓரளவு கரையேறிய ஒரு சமூகத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. பொதுவாக மார்மன் சபை என்பார்கள். 1830-இல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. யூட்டா மாநிலத்தில் மிகப் பெரிய சபை. வேதத்தைப் பெரிதும் மதிக்கிறவர்கள், கட்டுப்பாடு மிக்கவர்கள். 1909-இல், டார்வின் பிறந்து நூறாண்டும் அவருடைய பெரு நூல் வெளிவந்து ஐம்பதாண்டும் ஆன அந்த வருடத்தில், சபையின் தலைமைக் குழு ஓர் அறிக்கை விட்டது: மனிதன் கடவுளின் பிள்ளை, ஆதாமே முதல் மனிதன். அடுத்த இரண்டே ஆண்டில், 1911-இல், சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பரிணாமத்தையும் வேத ஆராய்ச்சியையும் கற்பித்த பேராசிரியர்கள் வேலையை விட்டுப் போக நேர்ந்தது.

அதன் பிறகு சபைக்குள்ளேயே பெரியவர்கள் இரு பக்கமாக நின்று வாதாடினார்கள். ஆதாமுக்கு முன்னால் பூமியில் உயிரும் சாவும் இருந்தனவா என்பது வாதம். 1931-இல் தலைமைக் குழு தலையிட்டது. இன்னார் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. நிலவியலையும் உயிரியலையும் தொல்லியலையும் மானுடவியலையும் ஆராய்ச்சியாளர்களிடம் விடுங்கள், ஆன்மாவின் மீட்பு அவற்றில் இல்லை, நம் ஊழியத்தை நாம் பார்ப்போம் என்ற பொருளில் சொன்னது. ஆதாமையும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆராய்ச்சிக் கூடத்தின் வாசலிலும் போய் நிற்கவில்லை. 1992-இல் பல்கலைக்கழக மாணவர்களுக்கென்று சபையின் அதிகாரபூர்வ அறிக்கைகளைத் தொகுத்துக் கொடுத்தார்கள்; எது சபையின் நிலை, எது தனி மனிதர்களின் கருத்து என்று பிள்ளைகள் பிரித்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. பேராசிரியர்கள் வெளியேறிய அதே பல்கலைக்கழகத்தில் இன்று பரிணாமம் உயிரியலின் அடிப்படையாகக் கற்பிக்கப்படுகிறது. பரிணாமக் கொள்கை பற்றித் தனக்கு அதிகாரபூர்வ நிலைப்பாடு இல்லை என்று சபை வெளிப்படையாகவே சொல்கிறது. 2006-இல் பரிணாமத்தை எல்லா விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை என்று ஆசிரியர்கள் சொல்ல வேண்டும் என்ற நோக்கில் யூட்டா சட்டமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது. மார்மன்களே பெரும்பான்மையாக இருந்த அந்த அவை அதைத் தோற்கடித்தது.

அதே அமெரிக்காவில் மற்ற ஊர்கள் இதை நீதிமன்றத்துக்கு இழுத்தன. 1925-இல் டென்னசி மாநிலத்து டேட்டன் ஊரில் பரிணாமம் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். 1987-இல் உச்ச நீதிமன்றம், படைப்புவாதத்தை அறிவியலுக்குச் சமமாக அரசுப் பள்ளியில் கற்பிக்கச் சொல்லும் சட்டம் செல்லாது என்றது. 2005-இல் பென்சில்வேனியாவின் டோவர் ஊரில், அதே சரக்கை ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்தபோதும் நீதிபதி அதை மதம் என்றே தீர்ப்பளித்தார். வழக்கு முடிந்தாலும் அக்கம்பக்கத்தார் முகம் கொடுத்துப் பேச நாளாகும். நமக்கு அந்த வழி வேண்டாம். யூட்டாவில் கண்ட வழி, பேசித் தீர்க்கும் வழி, நம் ஊருக்குப் பொருந்தும்.

பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. வத்தலக்குண்டு தாண்டி மலையேறினால், கொடைக்கானலுக்குச் சற்று முன்னால் செண்பகனூர். அங்கே இயேசு சபைத் துறவிகள் 1895-இல் தொடங்கிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. குருத்துவப் படிப்புக்காக வந்த துறவிகள் காலையில் திருப்பலி, பகலில் இறையியல், ஓய்வு நேரத்தில் மலைச்சரிவில் செடி தேடல் என்று வாழ்ந்த இடம். அவர்களில் ஒருவரான ஆங்லேட் அடிகள் பழனி மலையின் செடிகளை நேரில் பார்த்து, வண்ணத்தில் வரைந்து வைத்தார். பின்னாளில் கே.எம். மாத்யூ அடிகள், திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் உலர்தாவரகத்தை நிறுவி, தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களையும் பழனி மலைத் தாவரங்களையும் பல தொகுதிகளில் பதிவு செய்தார். பழனி மலை நூல் 1999-இல் வந்தது. இன்று இந்தப் பகுதியின் ஒரு செடிக்குச் சரியான பெயர் வேண்டுமென்றால், ஆராய்ச்சி மாணவர் திறக்கும் நூல்களில் ஒரு துறவியின் நூல் இருக்கும். நம் தலைக்கு மேலே நிற்கிற சிறுமலையின் தாவரங்களுக்கும் இன்னொரு இயேசு சபைத் துறவியான பள்ளித்தானம் அடிகளின் கையேடு 2001-இல் அதே உலர்தாவரகத்திலிருந்து வெளிவந்தது.

ஒரு பறவையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பழனி மலையின் உயரமான சோலைக்காடுகளில் வாழும் சிலம்பன் ஒன்றுக்கு அறிவியல் பெயரின் பின்பாதி ‘ஃபேர்பாங்கி’. சாமுவேல் ஃபேர்பாங்க் என்ற அமெரிக்க மிஷனரியின் பெயர் அது. நற்செய்தி சொல்ல வந்தவர், மலையில் பறவையையும் கவனித்திருக்கிறார். 1869-இல் அந்தப் பறவை அவர் பெயரால் அறிவியலுக்குள் வந்தது. அதே காடுகளில் தரையோரம் துள்ளித் திரியும் நீல நிறச் சிறு குருவியும் உண்டு. பழனி மலையில் இருப்பதற்கு வயிறு வெள்ளை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் இருப்பதற்கு விலாப்புறம் செம்பழுப்பு. குளிர்ந்த மலையுச்சியில்தான் இவற்றால் வாழ முடியும். கணவாயின் வெப்பமான சமவெளியைக் கடக்க முடியாது. ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் இரு மலைகளில் பிரிந்துபோய், காலப்போக்கில் இரு வேறு இனங்களாகிவிட்டன. ஆய்வாளர் வி.வி. ராபின் குழுவினர் 2017-இல் மரபணுவைச் சோதித்து இந்தக் கிளை வழியை வரைந்து காட்டினார்கள். அந்தச் சிறு குருவிகளுக்கு ‘சோலிகோலா’ என்று புதிய பேரினப் பெயரும் வைத்தார்கள். நம் ‘சோலை’ அதற்குள் இருக்கிறது. பரிணாமத்துக்குச் சான்று கேட்கிறவர்கள் காலபாகோஸ் தீவுவரை போக வேண்டியதில்லை. கொடைக்கானல் பஸ் பிடித்தால் போதும்.

அந்த இயேசு சபைத் துறவிகளின் கத்தோலிக்கத் திருச்சபையும் பரிணாமத்தை எடுத்த எடுப்பில் ஏற்றுக்கொள்ளவில்லை. டெயார் த சார்தான் என்ற இயேசு சபைத் துறவி தொல்லுயிரியல் அறிஞர். பரிணாமத்தையும் விசுவாசத்தையும் சேர்த்துச் சிந்தித்த அவருடைய முக்கிய நூல்கள் அவர் உயிரோடிருக்கும்வரை அச்சேற அனுமதி கிடைக்கவில்லை. 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மனித உடலின் தோற்றம் பற்றி ஆராயத் தடையில்லை என்றார். 1996-இல் இரண்டாம் ஜான் பால், அது வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டலே ஒரு துறவிதான். பத்தாம் வகுப்பின் 18-வது அலகில் பட்டாணிச் செடியோடு நிற்பவர். 18-வது அலகுத் துறவியையும் 19-வது அலகு டார்வினையும் பகையாளிகளாக்கியவர்கள் இடையில் வந்தவர்கள்.

இனி பிள்ளைகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். ‘குரங்கிலிருந்து மனிதன் வந்தான்னா, சிறுமலை ரோட்டுல உக்காந்திருக்குற குரங்கெல்லாம் ஏன் இன்னும் மனுஷனாகல?’ பெரியவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். நம் ஊர்க்காரருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. ஒரே மூதாதையின் வழியில், குலதெய்வம் ஒன்றாக இருக்க, ஒரு கிளை வேடசந்தூர்ப் பக்கம் கிராமத்திலேயே இருந்துவிட்டது. இன்னொரு கிளை திண்டுக்கல் நாகல்நகரில் கடை போட்டுப் பல தலைமுறையாகிறது. கிராமத்துப் பங்காளி ஏன் இன்னும் நாகல்நகர்க்காரர் ஆகவில்லை என்று யாரும் கேட்பதில்லை. டார்வின் சொன்னதன் சாரம் இந்தப் பங்காளி உறவுதான். காலம் மட்டும் கோடிக்கணக்கான ஆண்டுகள்.

காலம் என்றதும் நம் மலைக்கோட்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. திண்டு போல் கிடக்கிற அந்தக் கல்லின்மேல் 1605-இல் மதுரை நாயக்கர் கட்டிய கோட்டை நமக்குப் பழசு. கல்லுக்கு அது நேற்று. டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பே உருவான பாறை அது. மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் புனித வளனார் பேராலயக் கோபுரம், ஒரு பக்கம் பேகம்பூர் பள்ளிவாசல், அடிவாரத்தில் கோட்டை மாரியம்மன். மூன்றையும் தாங்கி நிற்கிற மண்ணின் வயதைப் பிள்ளைக்குச் சொல்வதால் எந்தக் கோபுரமும் ஆட்டம் காணாது.

பரிணாமம் பழங்கதை மட்டுமல்ல. ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் சொன்னார்: “போன வருஷம் இதே மருந்துக்குப் புழு கொத்துக்கொத்தா விழுந்துச்சுங்க. இந்த வருஷம் ரெண்டு தடவை அடிச்சும் அசையல.” மருந்தில் கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். அங்கே நடந்தது இயற்கைத் தேர்வு. பல்லாயிரம் புழுக்களில் ஏதோ சிலவற்றுக்குப் பிறவியிலேயே அந்த நஞ்சைத் தாங்கும் தன்மை இருந்திருக்கும். மற்றவை செத்தன, அவை பிழைத்துக் குஞ்சு பொரித்தன. அடுத்த போகத்தில் வயல் முழுக்க அவற்றின் வாரிசுகள். மருந்தை மாற்றி மாற்றி அடிக்கச் சொல்வதும், பருத்தி வயலில் வேறு ரகமும் சேர்த்து நடச் சொல்வதும் இதனால்தான். காசநோய் மாத்திரையை இடையில் நிறுத்தாதே என்று அரசு மருத்துவமனைச் செவிலியர் கெஞ்சுவதும் இதே காரணத்தால். 19-வது அலகைப் புரிந்துகொண்ட பிள்ளை நாளை நல்ல விவசாயியாகும், பொறுப்பான நோயாளியாகும். புரியாமல் எழுதி ஏழு மார்க் வாங்கிய பிள்ளைக்கு அந்த மார்க் மட்டும்தான் மிச்சம்.

நான் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவன். பஞ்சாமிர்தத்துக்கு ஆகும் விருப்பாச்சி மலைவாழைப்பழத்தை ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் இதை நினைப்பேன். காட்டுவாழை முழுக்கக் கொட்டை. எங்கோ கொட்டையில்லாமல் விளைந்த ஒன்றை நம் முன்னோர் கண்டுபிடித்து, அதன் கன்றையே திரும்பத் திரும்ப நட்டு, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்த கனி இது. டார்வின் தம் நூலைத் தொடங்குவதே இப்படி மனிதன் வளர்ப்புப் புறாவையும் பயிரையும் தேர்ந்தெடுப்பதிலிருந்துதான். அந்தப் பழம் முருகனுக்குப் போகிறது. என் பக்திக்கு அதனால் ஒரு குறையும் வந்ததில்லை.

அதே உரிமையில் என் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தசாவதாரத்தை டார்வினுக்கு முன்னோடி என்று சொல்வது அவதாரத்துக்குப் பெருமை சேர்க்காது. 2019 ஜனவரியில் இந்திய அறிவியல் மாநாட்டு மேடையிலேயே ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அப்படிப் பேசி, விஞ்ஞானிகள் தலைகுனிய நேர்ந்தது. மச்சம் கூர்மத்தைப் பெறவில்லை. ஒவ்வோர் அவதாரமும் அறம் காக்க வந்தது. உயிரியல் வரிசையாக அதைச் சுருக்கினால் அறமும் போகும், அறிவியலும் வராது. தொல்காப்பிய மரபியல், ஓரறிவு முதல் ஆறறிவுவரை உயிர்களைப் புலன்வழி வகைப்படுத்தியது பெரும் அறிவு. ஆனால் அது வகைப்பாடு. ஒன்றிலிருந்து ஒன்று தோன்றியது என்று அதில் சொல்லவில்லை. மாணிக்கவாசகர் சொல்லும் பிறவிப் பயணம் ஆன்மாவின் பயணம். அதைப் பாடி உருக வேண்டும். விடைத்தாளில் சான்றாக எழுதக் கூடாது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று அரசியல் சாசனத்தின் 51-ஏ பிரிவு சொல்கிறது; அது 1976-இல் சேர்க்கப்பட்டது. சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிலையம் நடத்தும் உரிமையை 30-வது பிரிவு தருகிறது. முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது, உதவி பெறும் பள்ளியிலும் பாதுகாவலர் சம்மதமில்லாமல் பிள்ளையை அதில் உட்கார வைக்கக் கூடாது என்கிறது 28-வது பிரிவு. நம் மாவட்டத்தில் திருச்சபைகள் நடத்தும் பள்ளிகள் தலைமுறை தலைமுறையாக எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்தவை. அந்தக் கடன் பெரிது. மறைக்கல்வி வகுப்பு மறைக்கல்வியாகவும் அறிவியல் வகுப்பு அறிவியலாகவும் நடந்தால் அந்தப் பெருமைக்கு ஒரு கீறலும் விழாது.

ஆகவே கேட்கிறேன். அறிவியல் ஆசிரியர்களே, 19-வது அலகைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ‘நம்ப வேண்டாம்’ என்று சொல்லாதீர்கள். ‘நம்பு’ என்றும் சொல்ல வேண்டியதில்லை. சான்று இது, ஆய்வு இப்படிச் சொல்கிறது, சந்தேகம் இருந்தால் சான்றைக் கேள் என்று சொன்னால் போதும். பிள்ளையின் சாமியைக் கேலி செய்யும் ஆசிரியர்களும் உண்டு. அவர்களும் இதே தவற்றைத்தான் மறுமுனையிலிருந்து செய்கிறார்கள். கேலிக்குப் பயந்த பிள்ளை பாடத்தையே கேட்காது. சான்று எதைச் சொல்கிறதோ அதோடு நிற்பதில்தான் ஆசிரியரின் கண்ணியம் இருக்கிறது.

போதகர்களே, அருட்தந்தையரே, ஹஸ்ரத்மார்களே, மடங்களின் பெரியோரே, பிள்ளை பள்ளிப் பாடத்தை உங்களிடம் கொண்டுவந்தால் ‘உன் டீச்சர் சொல்வது பொய்’ என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் வேதம் மனிதன் ஏன் படைக்கப்பட்டான், எப்படி வாழ வேண்டும் என்று சொல்வதை நீங்கள் எவ்வளவு ஆழமாகவும் சொல்லுங்கள். பாறையின் வயதையும் எலும்பின் அமைப்பையும் அதைப் படித்தவர்களிடம் விடுங்கள். விட்ட சபைகள் எதுவும் அதனால் காலியாகிவிடவில்லை.

திண்டுக்கல் மறைமாவட்டம், ஜமாஅத்துகள், பழனி தேவஸ்தானம், சி.எஸ்.ஐ. திருச்சபை என்று கல்வி நிலையம் நடத்தும் எல்லாரும் ஒரு நாள் ஒரே மேசையில் உட்காரலாம். சர்வசமயப் பிரார்த்தனையை வளாகத்தின் மரபாகவே வைத்திருக்கும் காந்திகிராமம் அதற்கு ஏற்ற இடம். தீர்மானம் பெரிதாக எதுவும் வேண்டாம். இந்த அலகை ஒதுக்காமல் நடத்துவோம், படைப்பு பற்றிய சமய போதனையை அறிவியல் வகுப்புக்குள் கொண்டுவர மாட்டோம், அறிவியல் வகுப்பில் சமயத்தை இழிவுபடுத்த மாட்டோம். இந்த மூன்றும் போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு முறை செண்பகனூருக்குக் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. கொடைக்குப் போய்ப் படகுத்துறையோடு திரும்பும் சுற்றுலாவில் அரை நாள் ஒதுக்கினாலே போதும்.

அன்று திண்ணையில் அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதில் முழுமையானது அல்ல. “பொய் எழுதாதே பாப்பா. அறிவியல் என்ன கண்டுபிடிச்சிருக்குன்னுதான் கேள்வி கேட்குது. அதை உண்மையா, புரிஞ்சு எழுது. உன் பாஸ்டர்கிட்ட இதே கேள்வியைக் கேளு, பயப்படாமக் கேளு” என்றேன். பிறகு பங்காளிக் கதையைச் சொன்னேன். அவள் பென்சிலை எடுத்துப் புத்தக ஓரத்தில் ஒரு மரம் வரைந்து, கிளை கிளையாகப் பிரித்துக்கொண்டாள். அந்த அலகில் விழுந்த முதல் கோடு அது.

இதை வாசிக்கும் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், இன்றிரவு அறிவியல் புத்தகத்தை வாங்கி 19-வது அலகைப் புரட்டிப் பாருங்கள். அதில் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால், நாளைக் காலை பள்ளிக்குப் போய் ஆசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள்.